கடல் அமைதியாக இருக்கிறது

எங்கள் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஐந்து பேர். நாங்கள் எழுதி வைத்திருந்த சர்வீஸ்கள் பதினான்கு. இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். மற்றவர்களுக்கு நான் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அந்தப் பதினான்கும் சேர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை, என் பெரியப்பாவின் சாவு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன.

அலுவலகம் செங்கல்பட்டில், ஏரிக்குப் போகிற வழியில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. என் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் வருவேன். குப்பத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண் என்று ஊரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அலுவலகத்தில் எனக்கு அந்த மரியாதை கிடையாது. அங்கே நான் திரை எழுதுகிறவள். பொத்தான் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்பார்கள்.

நாங்கள் கட்டியது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. ஈசிஆர் சாலை ஓரத்து ரிசார்ட்டுகளின் சமையலறைக்குக் குப்பத்துப் படகுகளிலிருந்து நேராக மீன் போவதற்கு ஒரு வலைத்தளம். முந்தின நாள் சாயங்காலம் ரிசார்ட்டில் ஒருவர் என்ன மீன் வேண்டும் என்று பதிவார். விடியற்காலையில் படகுக்காரருக்கு போன் போகும். இன்றைக்குத் தொழிலுக்குப் போகிறீர்களா என்று ஒரு குரல் கேட்கும். போகிறோம் என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இரண்டை. படகு திரும்பியதும் கரையில் நிற்கும் எங்கள் ஆள் எடையைப் பதிவார். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். முழுக்கதையும் இவ்வளவுதான். ஒரே ஆள் உட்கார்ந்து ஒழுங்காக ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால், ஒரே புரோகிராமாக, ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

எங்கள் குழுவுக்குத் தலைவர், அதாவது லீடு, அப்படி நினைக்கவில்லை. அவர் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே செய்ததை இங்கேயும் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் மைக்ரோ சர்வீஸாகப் பிரிக்க வேண்டும் என்றார். அது என்னவென்றால், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பத்தை ஆளுக்கொரு வீடாகக் குடிவைத்து, உப்பு தீர்ந்தால்கூட கதவைத் தட்டாதே, கடிதம் போட்டுக் கேள் என்று சொல்வது. ஆர்டருக்கு ஒரு சர்வீஸ், படகுக்கு ஒன்று, மீன் பெயருக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, போன் போடுவதற்கு ஒன்று, வானிலை பார்க்க ஒன்று, வண்டிக்கு ஒன்று. பெரிய ஊருக்கு இது சரிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மூன்று குப்பத்துப் படகுகளைப் பற்றி.

"சார், மூணு குப்பத்தையும் சேத்தா எண்பது படகுகூட தேறாது" என்றேன்.

"நாளைக்கே லட்சம் படகு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் லீடு.

"லட்சம் படகு வந்தா கடல்ல தண்ணியே தெரியாது சார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். லீடு சிரிக்கவில்லை. வெள்ளைப் பலகையில் இன்னொரு கட்டம் வரைந்து, அதிலிருந்து மற்றக் கட்டங்களுக்கெல்லாம் அம்புக்குறி போட்டார்.

எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் எல்லாரும் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். நடந்தது வேறு. ஒவ்வொரு சர்வீஸும் யாரோ எங்கேயோ எழுதிய புரோகிராம் துணுக்குகளை ஒரு மூட்டையாக இறக்கி வைத்துக்கொண்டது. ஒரு மூட்டையைப் புதுப்பித்தால் இன்னொன்று வேலை செய்யாது. ஒருநாள் மீன் பெயர் சர்வீஸ் அனுப்பியதை எடை சர்வீஸ் வேறு தலைப்பில் தேடிக்கொண்டிருந்ததால், ரிசார்ட்டுத் திரையில் வஞ்சிரம் என்று வர வேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட், பத்து கிலோ' என்று, அதாவது பெயர் கிடைக்கவில்லை என்று, வந்தது. அங்கே சமைக்கிற அண்ணன் எனக்கு போன் செய்து, "மேடம், இந்த அன்டிஃபைன்டு வறுக்கறதுக்கு நல்லா இருக்குமா, கொழம்புக்கா?" என்று நிதானமாகக் கேட்டார். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பு எந்த வீட்டில் நடந்தாலும் வசவு திரைக்குத்தான் வரும்.

போனில் கேட்கிற குரல் என்னுடையது. குரல் கொடுக்க ஆள் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே, நீங்களே பேசிடுங்க" என்று லீடு சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் பேச விடவில்லை. செய்தி வாசிப்பதுபோல் பேசச் சொன்னார். "வணக்கம். உங்கள் படகு இன்று கடலுக்குப் புறப்படுகிறதா? ஆம் எனில் எண் ஒன்றை அழுத்தவும்." டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் நிற்கும் நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தோம்.

குப்பத்தில் முதலில் சேர்ந்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். ஃபைபர் படகு வைத்திருந்தார். வலைத்தளம் என்றால் என்னவென்று அவருக்கு அக்கறை இல்லை. தன் பொத்தான் போனில் என் குரல் வருகிறது என்பதுதான் விஷயம். விடியற்காலையில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, கரையில் நிற்கிற எல்லாருக்கும் காட்டுவார். "எங்க பொண்ணு பேசுது பாரு, டிவில பேசறா மாதிரி." அது பதிவு செய்த குரல் என்று எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுவார், மறுநாள் அதற்குப் பதில் சொல்வார். "இரு பாப்பா, டீ குட்ச்சிட்டுப் போறேன்" என்பார். எண்ணை அழுத்த மாட்டார். எண் அழுத்தாததால் மறுபடி போன் போகும். "அதான் டீ குடிக்கிறேன்னு சொன்னேனே, இன்னா அவசரம் உனக்கு" என்பார். இதைப் பார்த்துவிட்டு லீடு, மறு அழைப்பின் இடைவெளியைக் குறைத்தார். பதில் வராவிட்டால் விடாமல் அடிக்க வேண்டும், ரிசார்ட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.

போகவில்லை என்று இரண்டை அழுத்தினால் காரணம் கேட்கும். கடல் கொந்தளிப்பு என்றால் ஒன்று, இன்ஜின் கோளாறு என்றால் இரண்டு, வலை கிழிந்தது என்றால் மூன்று. இந்தக் காரணங்களை முடிவு செய்த கூட்டத்தில் நான் இருந்தேன். இன்னொன்று சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் ஒரு படகும் கடலுக்குப் போகாது. சொந்தக்காரர் படகு மட்டுமில்லை, ஊர்ப் படகு அத்தனையும். சண்டைக்காரன் செத்தாலும் அப்படித்தான். பஞ்சாயத்தில் மைக்கில் சொல்லிவிடுவார்கள், மீறிப் போக மாட்டார்கள்.

"அது எட்ஜ் கேஸ்மா" என்றார் லீடு. அபூர்வமாக நடக்கிற விஷயத்துக்கு எங்கள் தொழிலில் அப்படிப் பெயர்.

"சார், சாவுறது எப்படி அபூர்வம் ஆகும்?"

"வெர்ஷன் டூல பாத்துக்கலாம். நீங்க ஒரு டிக்கெட் போட்டு வச்சிடுங்க."

பின்னால் செய்ய வேண்டிய வேலை என்று குறித்துப் போட்டு வைத்தேன். அந்த டிக்கெட் ஒரு வருஷம் அங்கேயே கிடந்தது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வலையைப் பிரித்துக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கோயிலடியில் மைக் கட்டி, நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று சொன்னார்கள். அதற்குள் மூன்று குப்பத்துக்கும் மறுநாள் ஆர்டர் வந்து விழுந்திருந்தது. பெரியப்பாவின் படகிலிருந்து ஒரு ரிசார்ட்டுக்குச் சங்கரா வேண்டுமாம்.

பெரியப்பாவுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். அவனுடைய போன் போன வாரம்தான் கடலில் விழுந்து தொலைந்திருந்தது. அன்று ராத்திரி வழக்கம்போல் பேசுவதற்காக, கூட இருப்பவன் போனிலிருந்து, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான பெரியப்பா எண்ணுக்கே அடித்தான். பெரியம்மா அழுகையை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கூட இருப்பவனிடம் மெட்ராஸுக்கு பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டான். பிறகு சொன்னான்: "ஏர்போர்ட்டுக்குப் போறேன். சீட்டு கெட்ச்சா, மெட்ராஸ்ல எறங்கினதும் யாராண்டயாச்சும் போன் வாங்கி இதே நெம்பருக்கு அடிக்கிறேன். ரெண்டு மணிக்குள்ள என் போன் வரலன்னா எனக்கு சீட்டு கெடைக்கலன்னு அர்த்தம். காத்துகினு இருக்காதீங்க, எத்துடுங்க."

பஞ்சாயத்தாரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, சனிக்கிழமை பிணம் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை ஊர்ப் படகு எல்லாம் கரையில் கிடக்க வேண்டும். அது நியாயமில்லை என்று பெரியம்மாவே சொன்னாள். ஆக, இரண்டு மணி. போன் வந்தால் பொழுது சாய்கிறவரை காத்திருப்பது, வராவிட்டால் எடுத்துவிடுவது. அண்ணன் தன் அப்பா முகத்தைப் பார்ப்பானா மாட்டானா என்பது அந்தப் பழைய பொத்தான் போனில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்த போன் அடித்தது. பெரியம்மா பாய்ந்து எடுத்தாள்.

"வணக்கம். உங்கள் படகு இன்று கடலுக்குப் புறப்படுகிறதா?"

என் குரல். நான் பெரியம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பிடுங்கி இரண்டை அழுத்தினேன். காரணம் கேட்டது. சாவு என்று அழுத்த எண் இல்லை. இன்ஜின் கோளாறு என்று அழுத்தினால் மெக்கானிக்கை, வலை கிழிந்தது என்று அழுத்தினால் வலை தைக்கிறவரை அனுப்பட்டுமா என்று இன்னொரு அழைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். கடல் கொந்தளிப்பு என்று ஒன்றை அழுத்தினேன். ஊரில் மற்றவர்களும் அதையே அழுத்தியிருந்தார்கள்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மறுபடி அடித்தது.

"வணக்கம். கடல் அமைதியாக இருக்கிறது. உங்கள் படகு எப்போது புறப்படும்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடல் கொந்தளிப்பு என்று பதில் போனதும், ஆர்டர் சர்வீஸ் வானிலை சர்வீஸைக் கேட்கிறது. வானிலை சர்வீஸ், கடல் அமைதி என்கிறது. அப்படியானால் தடை நீங்கியது என்று ஆர்டர் சர்வீஸ் போன் சர்வீஸுக்குச் சொல்கிறது. போன் சர்வீஸ் அடிக்கிறது. எடுத்துப் பதில் சொன்னாலும் சுற்றும், எடுக்காவிட்டால் விடாமல் அடிக்கும். நடுவில் கட் செய்தால் பதில் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே அடிக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிலிருந்து வருவதால் தடுக்கவும் வழியில்லை. அந்தப் பொத்தான் போனில் ஒரு அழைப்பு ஓடும்போது இன்னொன்று வந்தால் தெரியாது.

பந்தலில் உட்கார்ந்திருந்த படகுக்காரர்களின் சட்டைப் பைகளிலும் அது அடிக்க ஆரம்பித்தது. ஒருவர் அணைப்பதற்குள் இன்னொருவர் பையில். மேளம் நின்ற இடைவெளியில் பந்தலின் நாலு மூலையிலிருந்தும் நான், கடல் அமைதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. பஞ்சாயத்தார் ஒருவர் எழுந்து, "அல்லாரும் போன அமுத்துங்கபா" என்றார். எல்லாரும் அணைத்துவிட்டார்கள். அணைக்க முடியாத போன் ஒன்றே ஒன்று. அது என் கையில் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு ஓரமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, எனக்குக் கேட்கிற மாதிரியே, "சாவு வூட்லகூட கம்ப்யூட்டரா? இன்னா ஜென்மமோ" என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

என் போனிலிருந்து, போன் சர்வீஸ் எழுதியவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, எங்கள் பெரியப்பா எண்ணை நிறுத்தச் சொன்னேன்.

"ஐயோ, பாவங்க" என்றார். "ஆனா என் சர்வீஸ் யாரைக் கூப்பிடணும்னு முடிவு பண்றதில்லைங்க. கூப்பிடுன்னு சேதி வந்தா கூப்பிடும், அவ்ளோதான். ஆர்டர் சர்வீஸ்ல கேளுங்க."

ஆர்டர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். வானிலையும் அவரே எழுதியதுதான்.

"தடை நீங்கிடுச்சின்னு சேதி வந்தா நான் திரும்பக் கேக்கத்தானே வேணும்" என்றார். "ஏங்க, கடல் நெஜமாவே அமைதியாத்தானே இருக்கு?"

சவுக்கு மரங்களுக்கு இடையில் கடல் தெரிந்தது. உண்மைதான். குளம் மாதிரி கிடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, எந்த சர்வீஸிலும் பிழையில்லை. அதுதான் என்னைக் கொளுத்தியது. ஒருத்தர் தப்பு செய்திருந்தாலாவது திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன்.

என் மடியில் கிடந்த பொத்தான் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துக் காதில் வைத்தேன், ஒருவேளை அண்ணனாக இருந்தால் என்று. ஒவ்வொரு முறையும் நான்தான் பேசினேன். வணக்கம் என்று நான் சொல்கிற விதம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

லீடு எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கடைசியில் எடுத்தார். ஏதோ ஒரு ரிசார்ட்டில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வலைத்தளத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ரொம்ப வருத்தம்மா" என்றார். "ஆனா ஒரு நம்பரை மட்டும் நிறுத்துற வசதி நாம வைக்கலையே. போன் சர்வீஸ மொத்தமா நிறுத்தினா மத்தக் குப்பத்துக்கும் நின்னுடும். இங்க டெமோ ஓடிட்டிருக்கு."

"அப்ப அந்தப் படகையே எடுத்துடுங்க."

"படகை நீக்கணும்னா படகுக்காரர் போனுக்கு ஓடிபி போகும். அவர்தான் சொல்லணும்."

"சார், அவர்தான் செத்துட்டார்."

"இங்க பாருங்க" என்றார், வகுப்பெடுக்கிற குரலில். "ஆர்டர் பாக்கி இருக்கிற வரைக்கும் போன் கால் போகும். மீன் கரைக்கு வந்தா தானா நின்னுடும். டிசைனே அப்படித்தான்."

டிசைன் என்ற வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில், போனைத் தூக்கிச் சவுக்கு மரத்தில் அடித்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதின் பின்பாதி மண்டையில் ஏறிவிட்டது. மீன் கரைக்கு வந்தால் நின்றுவிடும். கரையில் எடை பதிகிற பக்கம் நான் எழுதியது. சோதித்துப் பார்ப்பதற்காக எனக்கு ஒரு கரைக்காரர் கணக்கு கொடுத்திருந்தார்கள். அதை யாரும் திரும்ப வாங்கவில்லை.

திறந்தேன். எங்கள் குப்பத்தின் படகுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே 'புறப்படவில்லை'. பெரியப்பாவின் படகைத் தொட்டு, 'கரை சேர்ந்தது' என்ற பொத்தானை அழுத்தினேன். எடை கேட்டது. பூஜ்யம் போட்டேன். சிவப்பில், குறைந்தது ஒரு கிலோ இருக்க வேண்டும் என்றது. அந்த விதியை எழுதியதும் நான்தான். மீனில்லாமல் எதற்கு ஒரு படகு கரைக்கு வரும் என்று லீடு கேட்டதற்காக எழுதியது. சங்கரா, ஒரு கிலோ என்று போட்டு அனுப்பினேன்.

மடியில் அடித்துக்கொண்டிருந்த போன் நின்றது. அப்புறம் ஒருமுறை, ஒரே ஒருமுறை அடித்தது. எடுத்தேன். "உங்கள் படகு பத்திரமாகக் கரை சேர்ந்தது. நன்றி" என்றது என் குரல். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வராத அழுகை.

போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிப் பெரியம்மா கையில் கொடுத்தேன். இரண்டு மணி நெருங்கிவிட்டது. பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிளக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஊரில் எல்லா போனும் அணைந்திருந்தது. அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை எங்கள் குப்பத்தில் நான் கேட்டதில்லை.

அடித்தது. பெரியம்மா எடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள். இதுவும் நானாக இருந்தால் அவளால் தாங்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

"எவ்ளோ நேரமா அடிக்கிறேன், பிஸி பிஸின்னே வருது" என்றான் அண்ணன். "மெட்ராஸ் ஏர்போர்ட்ல கீறேன். ஒரு அம்மாவோட போனு இது, மூணு பேராண்ட வாங்கி அட்ச்சிட்டேன். எத்துட்டாங்களா?"

"இல்லண்ணா, எடுக்கல" என்றேன். "வா. வச்சிருக்கோம்."

மூங்கில் பிளக்கிறவர்களிடம் பஞ்சாயத்தார் கையைக் காட்டினார். அவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் வாடகைக் காரில் வந்து இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. கையில் பெட்டிகூட இல்லை, ஒரு பிளாஸ்டிக் பை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, பெரியப்பாவின் முகத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான். அழவில்லை. மீசையை மட்டும் விரலால் சரி செய்துவிட்டான்.

தூக்குகிற சமயத்தில் தெருமுனையில் ஒரு குளிர்வண்டி வந்து நின்றது. எங்கள் வண்டி. சங்கரா ஒரு கிலோ எடுக்க வண்டி சர்வீஸ் அனுப்பி வைத்திருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பந்தலைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். நான் போய், மீன் இல்லை, போங்கள் என்றேன். "கரைக்கு வந்துச்சின்னு காட்டுதேம்மா" என்றார் பாவம். பிறகு செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் நடந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வாராந்திரக் கூட்டம். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், விசாரித்தார்கள். அப்புறம் லீடு திரையில் படம் போட்டார். வெள்ளிக்கிழமை பதினான்கு சர்வீஸும் ஒரு நொடிகூட விழவில்லையாம், எல்லாம் பச்சை. எங்கள் குப்பத்தில் மட்டும் ஆர்டர்கள் படுத்துவிட்டனவாம். "ஆனா ஒரே ஒரு படகு மட்டும் கடல் நிலவரத்தப் பாத்துட்டுப் போய் டெலிவரி குடுத்திருக்கு" என்றார். மதிப்பெண் போடுகிற சர்வீஸ் அந்தப் படகுக்குத் தானாகவே ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'நம்பகமான படகு' என்று எழுதியிருந்தது.

"சார், அது எங்க பெரியப்பா படகு" என்றேன். "அன்னிக்கு அவர் கண்ணாடிப் பெட்டியில இருந்தார். போன் கால நிறுத்துறதுக்காக நான் போட்டது அது."

லீடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாயைத் திறந்ததும், "அப்ப அது தப்பான டேட்டா ஆச்சேம்மா. நீங்களே நீக்கிடுங்க" என்றார்.

"நீக்க மாட்டேன்."

"ரிசார்ட்டுல ஒரு கிலோ கணக்கு உதைக்கும்."

"உதைக்கட்டும் சார். ஒரு வருஷமா நான் போட்ட டிக்கெட்ட நீங்க பாக்கல. இத நான் எடுக்க மாட்டேன்." அன்று சாயங்காலம் நான்காவதாக ஒரு காரணத்தைச் சேர்ப்பது என்று முடிவானது. 'மற்றவை' என்று போடலாம் என்றார்கள். 'ஊரில் சாவு' என்று போட்டால்தான் பேசுவேன், இல்லாவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படியே பதிவு செய்தோம், செய்தி வாசிக்கிற குரலில் இல்லாமல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் திரும்பிப் போவதற்கு முந்தின நாள், கரையில் பெரியப்பாவின் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ஏன் லைன் கிடைக்கவில்லை என்று முழுக்கதையையும் அப்போதுதான் சொன்னேன். சர்வீஸ், டிசைன் எல்லாம் அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரிசையாகப் 'புறப்படவில்லை'. நடுவில் ஒன்று மட்டும், 'கரை சேர்ந்தது. சங்கரா, ஒரு கிலோ.'

போனை வாங்கிப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுளித்தான்.

"ஒரு கிலோவா? எங்க நைனா எந்நாளாச்சும் ஒரு கிலோவோட கரைக்கு வந்துகீறாரா? பாக்கறவன் இன்னா நெனைப்பான்? ஒரு கூடையாச்சும் போட்டிருக்கக் கூடாதா நீ?"

"அவசரத்துல போட்டதுண்ணா. இப்ப மாத்தணும்னா அது வேற சர்வீஸ். அத எழுதினவரு வேலைய வுட்டுப் போய்ட்டாரு."

"இன்னா வேலையோ போ" என்றான். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "கூட கொஞ்சம் நெத்திலியாச்சும் போட்டிருக்கலாம்" என்றான்.